லாரி ஓடினால் வரவு, நின்றால் செலவு!

குடோன் வாசலில் வீணாகும் நேரத்தை மிச்சப்படுத்துவது எப்படி?

காலை மணி 5.

சென்னைக்கு வெளியே ஒரு பெரிய குடோன். அதன் இரும்புக் கதவு இன்னும் திறக்கவில்லை. வாசலில் ஒரு லாரி வந்து நிற்கிறது. காங்கேயத்தில் ஏற்றிய 200 அரிசி மூட்டைகள் அதில் இருக்கின்றன. மூட்டைக்கு 50 கிலோ. மொத்தம் 10 டன்.

இரவு முழுவதும் கண் விழித்து ஓட்டி வந்த டிரைவர், என்ஜினை நிறுத்துகிறார். கீழே இறங்கி எட்டிப் பார்க்கிறார். அவருக்கு முன்னால் 16 லாரிகள் நிற்கின்றன!

8 மணிக்குக் கதவு திறக்கிறது. உள்ளே ஒரே நேரத்தில் 4 லாரிகள்தான் சரக்கு இறக்க முடியும். அவருடைய முறை வரும்போது பகல் 12 மணி. மூட்டைகளை இறக்க ஒரு மணி நேரம் ஆகிறது. ரசீதில் முத்திரை குத்த வேண்டிய குமாஸ்தாவோ சாப்பிடப் போய்விட்டார். அவர் திரும்பி வந்து, மூட்டைக் கணக்கைச் சரி பார்த்து, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும்போது மணி 3.

சாலையில் 10 மணி நேரம். வாசலில் 10 மணி நேரம்!

இது ஓர் உதாரணம்தான். ஆனால் லாரித் தொழிலில் இருக்கும் யாரிடம் சொன்னாலும், "இதில் என்ன புதுசு?" என்றுதான் கேட்பார்கள். அவ்வளவு பழகிப்போய்விட்டது.

பழகிப்போனால் நஷ்டம் இல்லாமல் போய்விடுமா?

யாருக்கு நஷ்டம்?

லாரி ஓடினால்தான் வரவு. நின்றால் வெறும் செலவு.

லாரியைக் கடனில் வாங்கியவர் மாதாமாதம் தவணை கட்ட வேண்டும். இன்ஷூரன்ஸ் கட்ட வேண்டும். வரி கட்ட வேண்டும். லாரி வாசலில் நிற்கிறதே என்று இவற்றில் எதுவும் நின்றுவிடுவதில்லை.

டிரைவருக்குப் பெரும்பாலும் நடைக்கு இவ்வளவு என்றுதான் பணம். மாதத்தில் எத்தனை நடை போகிறாரோ, அத்தனைக்குத்தான் வருமானம். வாசலில் நிற்கும் நேரத்துக்குக் காசு கிடையாது. "ஹால்டிங்" பணம் என்று ஒன்று உண்டு. ஆனால் அதைக் கேட்டு வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

3 மணிக்கு வெளியே வந்த நம்முடைய டிரைவர், புக்கிங் ஆபீசுக்குப் போன் செய்கிறார். ஊருக்குத் திரும்பும் லோடு அப்போதே வேறு லாரிக்குப் போய்விட்டது. இனி மறுநாள்தான். இன்று இரவும் லாரிக்குள்ளேயே படுக்கை.

கடையில் அரிசி வாங்கும் குடும்பத்துக்கும் இதில் பங்கு உண்டு. காத்திருந்த நேரத்தின் செலவு, கடைசியில் சரக்கின் விலையில்தான் போய்ச் சேருகிறது.

சாலையில் மிச்சம், வாசலில் செலவு!

ஒரு காலத்தில் லாரிகளைச் சாலையே நிறுத்தியது. மாநிலத்துக்கு மாநிலம் வரிச் சோதனைச் சாவடி. அங்கே நீண்ட வரிசை. 2017 ஜூலை 1-ந்தேதி ஜி.எஸ்.டி. வந்தது. வரிச் சாவடிகள் எடுக்கப்பட்டன. சுங்கச் சாவடியில் சில்லறை எண்ணி நின்ற நேரத்தை, 2021 பிப்ரவரியில் கட்டாயமாக்கப்பட்ட பாஸ்டேக் குறைத்தது. நான்கு வழிச் சாலைகளும் வந்தன.

இப்படிச் சாலையில் மிச்சமான நேரத்தை, குடோன் வாசல் விழுங்கிவிட்டால் என்ன பிரயோஜனம்?

அமெரிக்காவில் ஒரு டிரைவர்

வாசலில் காத்திருப்பது நம் நாட்டு டிரைவர்களின் தலைவிதி மட்டும் அல்ல. அமெரிக்காவில் அப்படிக் காத்திருந்த ஒருவர், பின்னாளில் உலக வியாபாரத்தையே மாற்றினார். அவர் பெயர் மால்கம் மெக்லீன்.

1937-ம் ஆண்டு. வட கரோலினாவிலிருந்து பஞ்சுப் பொதிகளை ஏற்றிக்கொண்டு, நியூயார்க்கை அடுத்த ஹோபோகன் துறைமுகத்துக்கு அவர் வந்தார். அவர் லாரியில் இருந்த பொதிகளை இறக்கிக் கப்பலில் ஏற்றுவதற்குப் பகல் பொழுது முழுவதும் போய்விட்டது. ஆட்கள் பொதிகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். ஒவ்வொன்றாகக் கப்பலில் அடுக்கினார்கள். சும்மா உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியதாம். "பொதிகளை ஏன் தனித்தனியாகத் தூக்க வேண்டும்? லாரியின் பெட்டியை அப்படியே தூக்கிக் கப்பலில் வைத்தால் என்ன?" பின்னாளில் அவரே சொன்ன கதை இது.

எண்ணம் செயலாக 19 ஆண்டுகள் ஆயின. 1956 ஏப்ரல் 26-ந்தேதி, "ஐடியல் எக்ஸ்" என்ற கப்பல் 58 பெட்டிகளுடன் நியூவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அந்தக் காலத்தில் உதிரிச் சரக்கைக் கப்பலில் ஏற்ற, டன்னுக்கு 5 டாலர் 83 சென்ட் செலவானது. பெட்டியாக ஏற்றியபோது ஆன செலவு, டன்னுக்கு 16 சென்ட்டுக்கும் குறைவு!

இன்று உலகமெங்கும் ஓடும் கன்டெய்னர் இப்படித்தான் பரவியது.

ஆனால் ஒன்று. கன்டெய்னர் வந்த பிறகும் குடோன் வாசல் இருக்கத்தான் செய்கிறது. எந்தப் பெட்டியானாலும் கடைசியில் ஓரிடத்தில் திறந்து சரக்கை இறக்கியாக வேண்டுமே! அந்த இடத்தைச் சீராக நடத்தத் தெரிந்தவரே கெட்டிக்காரர்.

பந்திக் கணக்கு

கல்யாண வீட்டில் 100 பேர் உட்காரும் பந்தி இருக்கிறது. 500 பேரும் ஒரே நேரத்தில் வந்து நின்றால் என்ன ஆகும்? கடைசிப் பந்திக்காரர் பசியோடு நாலு பந்தி முடியும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு கூடம் காலியாகிவிடும். பரிமாறுகிறவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

குடோனும் அப்படித்தான்.

நாம் பார்த்த குடோனில் 4 வாசல்கள். ஒரு லாரிக்கு ஒரு மணி நேரம். காலை 8 முதல் மாலை 6 வரை 10 மணி நேரம் வேலை. அப்படியானால் ஒரு நாளைக்கு 40 லாரிகளைக் கவனிக்கலாம். வருகிறவையோ 30 லாரிகள்தான். இடத்துக்குக் குறைவே இல்லை!

பிறகு ஏன் கூட்டம்?

அந்த முப்பதில் 20 லாரிகள் காலை 8 மணிக்கே வந்து நிற்கின்றன. முதல் 4 லாரிகள் உடனே போய்விடும். அடுத்த 4 லாரிகள் ஒரு மணி நேரம் நிற்கும். அதற்கடுத்த 4 லாரிகள் 2 மணி நேரம். பிறகு 3 மணி நேரம். கடைசி 4 லாரிகள் 4 மணி நேரம் நிற்கும். எல்லாவற்றையும் கூட்டினால் 40 மணி நேரம் வீண்!

மணிக்கு 40 கிலோமீட்டர் வீதம் ஒரு லாரி 40 மணி நேரத்தில் 1,600 கிலோமீட்டர் ஓடும். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய்த் திரும்பிய பிறகும் மிச்சம் இருக்கும். ஒரே குடோனில், ஒரே காலையில் வீணான ஓட்டம் இது. பிற்பகல் 3 மணிக்கோ, அதே குடோனில் வாசல்கள் காலியாகக் கிடக்கும்.

இதற்கு மருந்து என்ன? டாக்டர் வீட்டில் கொடுக்கும் டோக்கன்தான்.

மணிக்கு 3 லாரிகள் என்று நேரம் குறித்துக் கொடுத்தால், 10 மணி நேரத்தில் 30 லாரிகளும் முடிந்துவிடும். முந்தின நாளே போனில் சொல்லிவிட வேண்டும். நான்காவது வாசலுக்கு டோக்கன் கொடுக்காமல் காலியாக வைத்துக்கொள்ள வேண்டும். வழியில் டயர் வெடித்துத் தாமதமாக வருகிற லாரிக்கும், அவசரச் சரக்குக்கும் அந்த வாசல். புதிதாக ஒரு செங்கல்கூட வைக்க வேண்டியதில்லை!

நாலடி மேடையின் மகிமை

அடுத்து, சரக்கை இறக்கும் இடம்.

பெரிய லாரியின் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய 4 அடி உயரத்தில் இருக்கிறது. தரையிலே நின்று இறக்கினால், ஒவ்வொரு மூட்டையையும் தலையிலோ முதுகிலோ வாங்கித்தான் நடக்க வேண்டும். அதே 4 அடி உயரத்துக்கு குடோனில் மேடை கட்டியிருந்தால்? லாரி பின்புறமாக வந்து மேடையோடு சேர்ந்து நிற்கும். தளமும் மேடையும் ஒரே மட்டம். வீட்டின் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போவதுபோல, கைவண்டியைத் தள்ளிக்கொண்டு போய் வரலாம்.

எல்லா லாரியும் ஒரே உயரம் அல்லவே? சரக்கு இறங்க இறங்க, லாரியின் பட்டை நிமிர்ந்து தளமும் உயரும். அதற்காக மேடையின் விளிம்பில் கீல் வைத்த இரும்புத் தகடு ஒன்றைப் பொருத்துகிறார்கள். லாரிக்கும் மேடைக்கும் நடுவே அது சின்னப் பாலம் போலக் கிடக்கும். லாரி உயர்ந்தால் அதுவும் உயரும். தாழ்ந்தால் தாழும். சின்ன யானை போன்ற குட்டி வண்டிகளின் தளம் மிகவும் தாழ்வு. அவற்றுக்குத் தாழ்வான மேடை ஒன்று தனியாக இருப்பது நல்லது.

பலகை 1, மூட்டை 20

200 மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கினால் 200 நடை. இந்த நடையைக் குறைக்க வந்ததுதான் "பேலட்" என்னும் மரப் பலகை. ஒரு மீட்டருக்கு 1.2 மீட்டர் அளவில் இது வழக்கத்தில் இருக்கிறது. இதன் மேல் 20 மூட்டைகளை அடுக்கினால் ஒரு டன். 10 பலகைகளில் லாரிச் சரக்கு முழுவதும் அடங்கிவிடும்.

இரண்டு இரும்புக் கரங்கள் உள்ள ஃபோர்க்லிப்ட் வண்டி, பலகையின் அடியில் கரங்களை நுழைத்து அப்படியே தூக்கிக்கொண்டு போகும். ஒரு நடைக்கு 3 நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் அரை மணி நேரத்தில் லாரி காலி.

பலகைக்கும் இடம் வேண்டும். அதைத் திருப்பி அனுப்பும் செலவும் உண்டு. ஆனால் தினமும் ஒரே ஆலையிலிருந்து ஒரே குடோனுக்குச் சரக்குப் போகிற இடத்தில், பலகை போட்ட பணத்தைத் திருப்பித் தந்துவிடும்.

கடைசியில் ஏறுவது முதலில் இறங்கும்!

ஏற்றும்போது செய்கிற தவறு, இறக்கும்போது தெரியும்.

சென்னையிலிருந்து ஒரு லாரி சேலம், ஈரோடு, கோவை ஆகிய மூன்று ஊர்களுக்கும் சரக்கு ஏற்றிச் செல்கிறது. முதலில் எதை ஏற்ற வேண்டும்? கோவைச் சரக்கை! அது கடைசியில் இறங்குவது. ஆகவே உள்ளே கடைசியில் இருக்க வேண்டும். அடுத்து ஈரோடு. சேலம் சரக்கு வாசலோரம்.

இதை மாற்றி ஏற்றிவிட்டால், சேலத்தில் முழுச் சரக்கையும் வெளியே எடுத்து வைத்து மறுபடியும் ஏற்ற வேண்டியதுதான். ஒரு மணி நேர வேலை மூன்று மணி நேரம் ஆகும். கனமானது கீழே, லேசானது மேலே என்பதையும் மறக்கக் கூடாது. பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால், வளைவில் லாரியும் சாயும்.

சில சரக்கை குடோனில் வைக்கவே வேண்டியதில்லை. ஒரு பக்கம் இறக்கி, ஊர்வாரியாகப் பிரித்து, மறுபக்கம் நிற்கும் வண்டிகளில் உடனே ஏற்றிவிடலாம். அமெரிக்காவில் வால்மார்ட் கடைக்காரர்கள் இந்த முறையால் பேர் பெற்றார்கள். நமக்கும் இது புதிது அல்ல. கோயம்பேடு மார்க்கெட்டில் இரவு வந்து இறங்கும் காய்கறி, விடிவதற்குள் சில்லறை வியாபாரிகளின் வண்டிகளில் ஏறிப் போய்விடுகிறதே!

காகிதம் முன்னே, லாரி பின்னே

லாரி காலியான பிறகும் அதை வாசலில் கட்டிப்போடுவது காகிதம்.

பில், லாரி ரசீது, இ-வே பில் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். மாநிலம் விட்டு மாநிலம் போகும் 50 ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு, 2018 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் கட்டாயம். அதற்குக் காலக்கெடுவும் உண்டு. சாதாரண சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கு 2021-ல் வந்தது. பில்லை முன்னதாகப் போட்டுவிட்டு லாரியை நிறுத்தி வைத்தால், நிற்கிற நேரமும் அந்தக் கெடுவில்தான் கழியும்.

லாரி வந்த பிறகு சரக்குப் பட்டியலைத் தேடுவதைவிட, லாரி வரும் முன்பே பட்டியலை வாங்கி வைத்துக்கொள்ளலாம். மூட்டை இறங்க இறங்க எண்ணிக்கொண்டே வரலாம். கடைசி மூட்டை இறங்கும்போது ரசீதும் தயாராக இருக்கும். குமாஸ்தா சாப்பிடப் போனால், அவர் இடத்தில் இன்னொருவர் இருக்க வேண்டும். பந்தியில் ஆள் உட்கார்ந்த பிறகா இலை தேடுவார்கள்?

அவசரத்தில் ஆபத்து

வேகம் வேண்டும். ஆனால் பதற்றம் கூடாது.

மேடையில் நடக்கும் பெரிய விபத்து எது தெரியுமா? உள்ளே ஆள் இருக்கும்போதே லாரி நகர்ந்துவிடுவது. லாரி ஒரு முழம் முன்னே போனாலும், மேடைக்கும் லாரிக்கும் நடுவே பள்ளம் விழும். பாரத்தோடு வருகிறவர் அதில் விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே, லாரி நின்றதும் சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். சாவியை வாங்கி ஆபீசில் வைத்துவிட வேண்டும். சரக்கு இறங்கி முடிந்த பிறகுதான் சாவி. லாரி பின்னால் வரும்போது "வரட்டும், வரட்டும்" என்று குரல் கொடுக்கும் கிளீனர், டிரைவரின் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். லாரிக்கும் மேடைக்கும் நடுவே நிற்கவே கூடாது.

15 நிமிடமும் உயிரும்

வாசலில் நிற்பதால் சாலையில் உயிர் போகுமா? போகும் என்கிறது அமெரிக்க அரசாங்கம்.

அங்கே போக்குவரத்துத் துறையின் தணிக்கை அதிகாரிகள் 2018-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஏற்றும் இடத்திலும் இறக்கும் இடத்திலும் லாரிகள் நிற்கும் சராசரி நேரம் 15 நிமிடம் கூடினால், விபத்து விகிதம் 6.2 சதவீதம் கூடும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

காரணம் எளிது. வாசலில் இழந்த நேரத்தைச் சாலையில் பிடிக்கப் பார்க்கிறார் டிரைவர். தூக்கத்தைத் தள்ளிப் போடுகிறார். வேகத்தைக் கூட்டுகிறார். எதிரே வருவது உங்கள் பஸ்ஸாகவும் இருக்கலாம்!

ஜப்பானில் 2024 ஏப்ரல் 1 முதல், லாரி டிரைவர்களின் கூடுதல் வேலை நேரத்துக்கு ஆண்டுக்கு 960 மணி நேரம் என்று வரம்பு வந்தது. டிரைவரின் நேரம் குறையப்போகிறது என்றதுமே, அதை வீணாக்குவது யார் என்று தேடினார்கள். காத்திருப்பதும், ஏற்றி இறக்குவதும் சேர்த்து 2 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும் என்று அரசாங்கம் சரக்குக்காரர்களுக்கு நெறிமுறை வகுத்தது. நம் நாட்டிலோ, மோட்டார் தொழிலாளிக்கு நாளைக்கு 8 மணி நேர வேலை என்று 1961-ம் ஆண்டுச் சட்டமே சொன்னது. வாசலில் நின்ற நேரத்தை யார் எண்ணினார்கள்?

சுமை தூக்குகிறவர் கதி?

இத்தனை யோசனைகளையும் கேட்கும் லோடுமேன்களுக்கு ஒரு கவலை வரும். "ஃபோர்க்லிப்ட் வந்தால் எங்கள் கூலி என்ன ஆவது?"

நியாயமான கவலை. மூட்டைக்கு இவ்வளவு என்று வாங்கிப் பிழைக்கும் குடும்பம் அவர்களுடையது. ஆனால் அவர்கள் முதுகையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் 100 கிலோ மூட்டையைச் சுமந்தவர்கள் அவர்கள். ஆண் ஒருவர் சுமப்பது 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று சர்வதேசத் தொழில் அமைப்பு 1967-ல் சிபாரிசு செய்தது.

டோக்கனுக்கும், முன்கூட்டியே வரும் பட்டியலுக்கும், நாலடி மேடைக்கும் இயந்திரம் தேவையில்லை. யாருடைய கூலியும் போகாது. காலையில் நெருக்கடி, மாலையில் வேலையில்லை என்பது மாறி, நாள் முழுவதும் சீராக வேலை கிடைக்கும். இயந்திரம் வாங்குகிற முதலாளி, அதை ஓட்டும் வேலையைப் பழைய ஆட்களுக்கே கற்றுக்கொடுத்தால், முதுகும் பிழைக்கும், பிழைப்பும் பிழைக்கும்.

இன்னொன்றுக்கும் இயந்திரம் வேண்டாம். வாசலில் நிற்கும் டிரைவருக்கு ஒரு குடம் தண்ணீர், ஒரு நிழல், ஒரு கழிப்பறை. பல இடங்களில் இதுகூட இல்லை.

9 மணி டோக்கன்

அதே காங்கேயம் லாரிக்கு 9 மணி டோக்கன் கொடுத்திருந்தால்?

விடியற்காலை 5 மணிக்கு வந்து வரிசையில் இடம் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை. வழியில் லாரியை ஓரம் கட்டி 3 மணி நேரம் தூங்கிவிட்டே வரலாம். 9 மணிக்கு உள்ளே. 10 மணிக்குச் சரக்கு இறங்கிவிடும். பத்தேகாலுக்குக் கையில் ரசீது. திரும்பும் லோடும் கிடைத்துவிடும். மாலையில் அதை ஏற்றிக்கொண்டு புறப்பட்டால், மறுநாள் காலை ஊரில் இருப்பார்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதற்குள் அப்பா வீட்டுக்கு வந்துவிடுவார்.